சொந்தக்காரர் தந்த காயமும் விசுவாசம் தரும் ஆறுதலும்: மலையகத்தில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இலங்கையின் மலையகத்தில் ஹட்டன், தலவாக்கலை, இராகலை, பண்டாரவளை என்று எந்தப் பக்கம் போனாலும் ஆராதனை முடிந்து வாசலில் நிற்கும்போது, மற்றவர்கள் போன பிறகு, தயங்கித் தயங்கி யாராவது ஒருவர் இந்தக் கேள்விகளில் ஒன்றைக் கேட்பார். அவற்றில் அதிகம் வருபவற்றை இங்கே சேர்த்திருக்கிறேன். வசனங்களை எங்கள் வீடுகளில் அதிகம் இருக்கும் பழைய மொழிபெயர்ப்பிலிருந்து எடுத்திருக்கிறேன். கத்தோலிக்கர்கள் தங்கள் திருவிவிலியத்தில் அதே அதிகாரங்களைப் பார்த்துக்கொள்ளலாம், பொருள் ஒன்றுதான்.

வெளியாள் திட்டினால் ரெண்டு நாளில் மறந்துவிடுகிறேன். அண்ணன் சொன்ன ஒரு வார்த்தை மட்டும் வருஷக்கணக்காக உள்ளே நிற்கிறது. எனக்கு விசுவாசம் குறைவா?

இல்லை. தாவீதுக்கும் இப்படித்தான் வலித்தது, அதை அவர் மறைக்கவும் இல்லை. 55ஆம் சங்கீதத்தில் "என்னை நிந்தித்தவன் சத்துரு அல்ல, அப்படியிருந்தால் சகிப்பேன்" என்கிறார். தன்னைக் குத்தியவன் தன்னோடு கூடி தேவாலயத்துக்குப் போன தோழன் என்று அதே பாட்டில் சொல்கிறார். எதிரியிடம் நாம் எதையும் எதிர்பார்ப்பதில்லை. ஒரே தட்டில் சாப்பிட்டு, ஒரே போர்வைக்குள் குளிரைத் தாங்கி வளர்ந்த அண்ணனிடம் எதிர்பார்க்கத்தான் செய்வோம், அதனால் வலி ஆழமாகப் போகிறது. வலிப்பதால் விசுவாசம் குறைந்துவிட்டது என்று யாராவது சொன்னால், இயேசுவையே அவருடைய சொந்தக்காரர் "மதிமயங்கியிருக்கிறார்" என்று சொல்லிப் பிடித்துக்கொண்டு போக வந்தார்கள் (மாற்கு 3:21) என்பதை நினைத்துக்கொள்ளுங்கள். அவருடைய சகோதரரும் அவரை விசுவாசிக்கவில்லை என்று யோவான் 7:5 பச்சையாகவே எழுதியிருக்கிறது. வீட்டார் தரும் காயம் எப்படி இருக்கும் என்று அவருக்கு நாம் விளக்க வேண்டியதில்லை.

லயத்தில் (தோட்டத்து வரிசை வீட்டில்) அழக்கூட இடம் இல்லை. ஒரு காம்பராவில் ஆறு பேர், பக்கத்துக் காம்பராவில் பேசுவது எல்லாம் கேட்கும். எங்கே போய், எப்படி ஜெபிப்பது?

மலையகத்துக்கு வெளியே இருப்பவர்களுக்கு இந்தக் கேள்வி புரியாது. அறைக்குள் போய்க் கதவைப் பூட்டி ஜெபி என்று மத்தேயு 6இல் ஆண்டவர் சொன்னார், ஆனால் பூட்டுவதற்குத் தனி அறை இல்லாதவர் என்ன செய்வார்? அதுவும் காயப்படுத்தியவரே சுவருக்கு அந்தப் பக்கம் இருந்தால்?

அன்னாளைப் பாருங்கள் (1 சாமுவேல் 1). அவளுடைய காயமும் வீட்டுக்குள் வந்ததுதான். அதே புருஷனுக்கு வாழ்க்கைப்பட்ட இன்னொருத்தி, பெனின்னாள், பிள்ளை இல்லை என்று வருஷம்தோறும் குத்திக்காட்டுகிறாள். புருஷன் எல்க்கானா நல்லவன்தான், ஆனால் "பத்து பிள்ளைகளைவிட நான் உனக்கு மேல் இல்லையா" என்று கேட்டு விஷயத்தை முடிக்கப் பார்க்கிறான். அவளோ ஆலயத்துக்குப் போய் உதடு மட்டும் அசைய, சத்தம் கேட்காமல் ஜெபிக்கிறாள். ஆசாரியன் ஏலி அவளைக் குடித்திருக்கிறாள் என்று நினைத்துவிட்டார்! அந்த ஜெபத்தைத்தான் கர்த்தர் கேட்டார். சத்தம் போட்டு ஜெபிப்பதுதான் அபிஷேகம் என்று நினைக்கும் சில கூட்டங்களில் இந்த அதிகாரத்தை யாராவது மெதுவாக வாசித்துக் காட்டினால் நல்லது என்று எனக்குத் தோன்றும்.

ஆகவே கொழுந்து எடுக்கும்போது உதட்டுக்குள் ஜெபிக்கலாம். பீலியில் தண்ணி பிடிக்க நிற்கும்போது, காலையில் வேலைக்கு ஆள் பிரிக்கும் பெரட்டுக்குப் போகும் வழியில், இரவு எல்லாரும் படுத்த பிறகு இஸ்தோப்பில் (முன் திண்ணையில்) உட்கார்ந்து ஜெபிக்கலாம். கூடை தலையில் தொங்கும்போது ஜெபம் வராது என்று இல்லை. எங்கள் பாட்டிமார் ஜெபித்தது பெரும்பாலும் அப்படித்தான், எழுத்து வாசிக்கத் தெரியாதவர்கள் சங்கீதத்தைப் பாட்டாகவே வைத்திருந்தார்கள்.

வாரநாளில் கோயில் திறந்திருந்தால் அங்கே போய்க் கொஞ்சம் உட்காருங்கள், ஒன்றும் சொல்லாவிட்டாலும் சரி. டிக்கோயாவில் 1878இல் கட்டிய வார்லி ஆலயம் மாதிரி, தோட்டக்காட்டின் நடுவே வெள்ளைக்காரத் துரைமார் தங்களுக்கென்று கட்டிக்கொண்ட கல் கோயில்கள் இங்கே பல உண்டு, இன்றைக்கு அவற்றில் பலவற்றில் முழங்காலில் நிற்பது தோட்டத்துச் சனம்தான். பூட்டியிருந்தால் உபதேசியாரிடம் சாவி கேளுங்கள். அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. கத்தோலிக்கர்களுக்கு ஜெபமாலை இருக்கிறது, தனியாக வார்த்தை தேட முடியாத நாளில் ஏற்கெனவே மனப்பாடமான ஜெபம் பெரிய துணை. வியாகுல மாதாவின் முன்னால் போய் நிற்கும் அம்மாமார் ஏன் நிற்கிறார்கள் என்று எனக்குத் தெரியும், பெற்ற பிள்ளையால் நெஞ்சு உடைந்தவளுக்கு அந்தச் சொரூபத்திடம் எதையும் விளக்க வேண்டியதில்லை.

கடவுளிடம் கோபமாகப் பேசலாமா? "அவனை நீர் பார்த்துக்கொள்ளும்" என்று ஜெபித்துவிட்டேன், அது பாவமா?

பேசலாம். 109ஆம் சங்கீதத்தை வாசித்துவிட்டு வாருங்கள், நீங்கள் ஜெபித்தது ஒன்றுமே இல்லை. 88ஆம் சங்கீதம் இருட்டிலேயே முடிகிறது, கடைசியில் ஒரு ஸ்தோத்திரம்கூட இல்லை. அதையும் பரிசுத்த வேதாகமத்தில் வைத்திருக்கிறார்கள். கோபத்தை அவரிடம் கொண்டுபோவதும் கத்தியை எடுத்துக்கொண்டு அடுத்த லயத்துக்குப் போவதும் ஒன்றா? "பழிவாங்குதல் எனக்குரியது" என்று கர்த்தர் சொன்னது (ரோமர் 12:19), அந்தச் சுமை உன் கையில் இருக்க வேண்டாம் என்பதற்காக.

மன்னித்தே ஆக வேண்டுமா? உடனேயா?

மன்னிக்கத்தான் வேண்டும், அதை நான் மழுப்பப் போவதில்லை. பரமண்டல ஜெபத்தை வாய்திறந்து சொல்கிற யாரும் அதிலுள்ள மன்னிப்பைப் பற்றிய வரியைத் தாண்டிப் போக முடியாது. ஆனால் உடனே என்று யார் சொன்னது?

யோசேப்பின் கதையை ஞாயிறு பாடசாலையில் படித்தபோது பலவருண அங்கியும் கனவும் மட்டும்தான் மனதில் நின்றிருக்கும். பெரியவரான பிறகு ஆதியாகமம் 37இலிருந்து 50 வரை ஒரே மூச்சில் வாசியுங்கள். 17 வயதில் அண்ணன்மார் அவனை 20 வெள்ளிக்காசுக்கு விற்கிறார்கள். பார்வோனுக்கு முன் நிற்கும்போது வயது 30. ஏழு வருஷம் விளைச்சல், அதற்கப்புறம் இரண்டு வருஷம் பஞ்சம் ஆன பிறகுதான் "நான் யோசேப்பு" என்று சொல்கிறான். கூட்டிப் பாருங்கள், 22 வருஷம். இடையில் அண்ணன்மார் தானியம் வாங்க வந்து நிற்கிறார்கள், இவன் அடையாளம் கண்டுகொள்கிறான், ஆனால் சொல்லவில்லை. ஓரமாகப் போய் அழுகிறான். அடுத்த தடவை பென்யமீனைப் பார்த்ததும் அறைக்குள் ஓடி அழுது, முகத்தைக் கழுவிக்கொண்டு வந்து சாப்பாடு வையுங்கள் என்கிறான். நம் வீடுகளில் எத்தனை பேர் இப்படி முகம் கழுவிக்கொண்டு வந்து சோறு போட்டிருக்கிறார்கள்.

அதற்குப் பிறகும் அவன் உடனே கட்டிப்பிடிக்கவில்லை. அவர்கள் மாறியிருக்கிறார்களா என்று பார்க்கிறான். அன்றைக்கு ஒரு தம்பியை விற்றவர்கள் இன்றைக்கு இன்னொரு தம்பியை விட்டுவிட்டு ஓடுவார்களா? யூதா முன்னால் வந்து, பென்யமீனுக்குப் பதிலாக என்னை அடிமையாக வைத்துக்கொள்ளும் என்று கெஞ்சுகிறான். தம்பியை விற்கலாம் என்று யோசனை சொன்னவனே இந்த யூதாதான். அதைக் கேட்ட பிறகுதான் யோசேப்பால் அடக்க முடியவில்லை, எகிப்தியர் எல்லாருக்கும் கேட்கும்படி சத்தமிட்டு அழுகிறான்.

அவன் "பரவாயில்லை" என்று சொல்லவே இல்லை, இதை நான் எப்போதும் அழுத்திச் சொல்வேன். "நீங்கள் எனக்குத் தீமைசெய்ய நினைத்தீர்கள்" என்று தீமையைத் தீமை என்றே பெயர் சொல்லிவிட்டுத்தான், தேவன் அதை நன்மையாக முடியப்பண்ணினார் என்கிறான் (50:20). நடந்ததை நடக்கவில்லை என்று சொல்ல மன்னிப்பில் இடமில்லை. ஆகவே "போனது போச்சு, விடு" என்று பெரியவர்கள் அவசரப்படுத்தினால், கொஞ்சம் நேரம் வேண்டும் என்று மரியாதையாகச் சொல்லுங்கள். பிறகு கர்த்தரிடம், "எனக்கு மன்னிக்க மனம் இல்லை, அந்த மனதையாவது தாரும்" என்று கேளுங்கள். அதுவே நேர்மையான ஆரம்பம்.

மன்னித்தால் பழையபடி பழக வேண்டுமா? என் ஈ.பி.எப். (ஊழியர் சேமலாப நிதி) காசை மகன் வாங்கிக்கொண்டு திருப்பித் தரவில்லை, இப்போது மறுபடியும் கேட்கிறான்.

இந்தக் காசு சண்டை இல்லாத தோட்டம் இல்லை. சம்பளத்தில் தொழிலாளி 8 வீதம், தோட்டம் 12 வீதம் என்று வருஷக்கணக்காகச் சேர்ந்த பணம், பெண்ணுக்கு 50 வயதிலும் ஆணுக்கு 55இலும் மொத்தமாகக் கைக்கு வரும். வாழ்க்கையில் ஒரே ஒரு தடவை பார்க்கும் பெரிய தொகை. வந்த அன்றே ஆட்டோ வாங்க ஒருத்தன், வெளிநாட்டு வேலை ஏஜென்சிக்குக் கட்ட ஒருத்தி, கடன் அடைக்க மருமகன் என்று வரிசையில் நிற்பார்கள். கொடுத்த அம்மா கடைசியில் மாத்திரை வாங்கக் காசில்லாமல் நிற்பாள். அந்த வலியில் காசு போனது கொஞ்சம்தான், மிச்சமெல்லாம் "என்னை அம்மாவாகப் பார்க்காமல் காசாகப் பார்த்தான்" என்பது.

மன்னியுங்கள், ஆனால் மறுபடி காசு கொடுக்க வேண்டும் என்று எந்த வசனமும் கட்டாயப்படுத்தவில்லை. ராஜாவாகிய சவுல் தாவீதைக் கொல்லத் தேடியபோது தாவீது இரண்டு தடவை அவனைக் கையில் கிடைத்தும் விட்டுவிட்டான், ஒரு தடவை எங்கேதி குகையில், இன்னொரு தடவை சீப் வனாந்தரத்தில். சவுல் அழுதான், "என் குமாரனாகிய தாவீதே, திரும்பி வா" என்றான். தாவீது போனானா? 1 சாமுவேல் 26ஆம் அதிகாரத்தின் கடைசி வசனம் சொல்கிறது: தாவீது தன் வழியே போனான், சவுல் தன் இடத்துக்குத் திரும்பினான். தாவீது தன் மனதிலிருந்த பழியை விட்டான், ஈட்டி எட்டும் தூரத்தில் மறுபடி போய் உட்காரவில்லை.

மன்னிப்பு உங்கள் ஒருவரால் முடியும், உறவு பழையபடி ஆவதற்கு இரண்டு பேர் வேண்டும். வரி வசூலித்த சகேயு மனந்திரும்பியபோது அநியாயமாய் வாங்கியதை நாலத்தனையாய்த் திருப்பித் தருகிறேன் என்று எழுந்து நின்று சொன்னான் (லூக்கா 19:8). மகன் உண்மையாக மனம் வருந்துகிறானா என்று அப்படிப்பட்ட அடையாளத்தை வைத்துப் பாருங்கள். சாப்பாடு போடுங்கள், பேரப்பிள்ளைகளோடு பழகுங்கள், வங்கிப் புத்தகத்தை மட்டும் உங்கள் பெட்டியில் வையுங்கள். இதைச் செய்வதால் நீங்கள் அன்பில்லாத தாய் ஆகிவிடமாட்டீர்கள்.

நான் சின்னப் பிள்ளையாக இருந்தபோது அம்மா சவூதிக்குப் போய்விட்டார். பாட்டிதான் வளர்த்தார். இப்போது அம்மா வந்திருக்கிறார், என்னால் "அம்மா" என்று கூப்பிடவே முடியவில்லை.

உங்கள் வயதில் இப்படி எத்தனையோ பேர் இருக்கிறார்கள், நீங்கள் தனி ஆள் இல்லை. முதல் மாதவிடாய்க்கு அம்மா இல்லை, ஓ.எல். சோதனைக்கு அம்மா இல்லை, மாதாமாதம் காசும் பெருநாளுக்கு ஒரு பெட்டி சாமானும் மட்டும் வந்தது. அதை இழப்பு என்று சொல்ல உங்களுக்கு உரிமை உண்டு. "உனக்காகத்தானே போனாள்" என்று வாயை அடைப்பவர்கள் சொல்வது உண்மைதான், ஆனால் அந்த உண்மை உங்கள் வலியைப் பொய்யாக்காது.

"ஸ்திரீயானவள் தன் கர்ப்பத்தின் பிள்ளைக்கு இரங்காமல், தன் பாலகனை மறப்பாளோ? அவர்கள் மறந்தாலும், நான் உன்னை மறப்பதில்லை" என்று ஏசாயா 49:15 சொல்கிறது. "என் தகப்பனும் என் தாயும் என்னைக் கைவிட்டாலும், கர்த்தர் என்னைச் சேர்த்துக்கொள்ளுவார்" என்று 27ஆம் சங்கீதம். இவற்றை மெதுவாக, உங்கள் பெயரைச் சேர்த்து வாசியுங்கள்.

அதே நேரம் மோசேயின் அம்மாவையும் ஒரு தடவை நினைத்துப் பாருங்கள். பிள்ளை பிழைக்க வேண்டும் என்பதற்காக நாணற்பெட்டியில் வைத்து ஆற்றோரம் விட்டவள், பிறகு சொந்தப் பிள்ளைக்கே கூலிக்குப் பால் கொடுத்தவள். இன்னொருவர் வீட்டில் இன்னொருவர் பிள்ளையைக் குளிப்பாட்டும்போது உங்கள் அம்மா என்ன நினைத்தார் என்று நீங்கள் கேட்டதுண்டா? ஒரு நாள் தேத்தண்ணி போட்டுக் கொடுத்து, அங்கே உங்கள் ஒரு நாள் எப்படிப் போகும் என்று மட்டும் கேளுங்கள். "அம்மா" என்ற சொல் அன்றைக்கே வராவிட்டாலும் பரவாயில்லை.

(இதன் மறுபக்கம்) நான்தான் அந்த அம்மா. குவைத்திலிருந்து அனுப்பிய காசெல்லாம் போய்விட்டது, புருஷன் வேறொருத்தியோடு இருக்கிறார், பிள்ளைகள் முகம் பார்ப்பதில்லை.

அக்கா, முதலில் ஆகாரைப் பற்றிச் சொல்கிறேன். அவள் இன்னொருவர் வீட்டில் வேலை செய்த அயல்தேசத்துப் பெண். அந்த வீட்டார் சொன்னபடி நடந்தாள், பிறகு அதே வீட்டின் கொடுமை தாங்காமல் ஓடிப்போனாள். வனாந்தரத்தில் தண்ணீர் ஊற்றருகே கர்த்தருடைய தூதன் அவளைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டு, எங்கேயிருந்து வருகிறாய், எங்கே போகிறாய் என்று கேட்டார். அதுவரை அவளிடம் அந்தக் கேள்வியை யாரும் கேட்டதில்லை. "நீர் என்னைக் காண்கிற தேவன்" என்று அவள் அவருக்குப் பெயர் வைத்தாள் (ஆதியாகமம் 16:13). வேதத்தில் கடவுளுக்குப் பெயர் வைத்த முதல் ஆள் ராஜாவோ தீர்க்கதரிசியோ இல்லை, வீட்டு வேலைக்காரி ஒருத்தி.

உங்கள் வருஷங்களை அவர் கண்டிருக்கிறார். பிள்ளைகளின் கோபம் உங்களுக்கு அநியாயமாகத் தெரிவது புரிகிறது, ஆனால் அதைத் திருப்பித் திட்டி அடக்கப் பார்க்காதீர்கள். கேளுங்கள், காத்திருங்கள். புருஷன் விஷயத்தில் பிள்ளைகளுக்கும் உங்களுக்கும் பராமரிப்புப் பணம் கேட்டு நீதவான் நீதிமன்றத்துக்குப் போக 1999ஆம் ஆண்டின் பராமரிப்புச் சட்டம் இடம் தருகிறது, வக்கீலுக்குக் கொடுக்கக் காசு இல்லையென்றால் சட்ட உதவி ஆணைக்குழுவில் விசாரியுங்கள். நீதி கேட்பது விசுவாசத்துக்கு விரோதம் அல்ல. லூக்கா 18இல் அந்த விதவை நீதிபதியை விடாமல் கேட்டதை ஆண்டவரே மெச்சிச் சொன்னார்.

புருஷன் குடித்துவிட்டு அடிக்கிறார். சிலுவையைச் சுமந்துகொள், பொறுத்துப்போ என்று சபையில் சொல்கிறார்கள்.

இதற்கு மட்டும் நான் மிகத் தெளிவாகச் சொல்ல வேண்டும். அடி வாங்குவது உங்கள் சிலுவை அல்ல. சிலுவை என்பது இயேசுவைப் பின்பற்றுவதால் வருவது. சாராயத்தாலும் கோபத்தாலும் வரும் அடிக்கு அந்தப் பெயரைக் கொடுக்கக் கூடாது. சவுல் ஈட்டியை எறிந்தபோது தாவீது பொறுத்துக்கொண்டு நிற்கவில்லை, விலகித் தப்பி ஓடினான், அந்த இரவே அவன் மனைவி மீகாள் அவனை ஜன்னல் வழியாக இறக்கிவிட்டாள் (1 சாமுவேல் 19). அவனை யாராவது விசுவாசம் இல்லாதவன் என்றார்களா?

மல்கியா 2:16ஐ எடுத்துத் "தள்ளிவிடுதலைக் கர்த்தர் வெறுக்கிறார்" என்று பாதியை மட்டும் வாசிப்பார்கள். அதே வசனம் கொடுமை செய்கிறவனையும் கண்டிக்கிறது, முழுக்க வாசிக்கச் சொல்லுங்கள். மனைவியைக் கனம்பண்ணாதவனுடைய ஜெபத்துக்குத் தடை வரும் என்று 1 பேதுரு 3:7 சொல்கிறது. அப்படியானால் சபை முதலில் யாரிடம் போய்ப் பேச வேண்டும்?

செய்ய வேண்டியது இதுதான். அடிக்கும் இரவில் பிள்ளைகளோடு வெளியேறுங்கள், அடுத்த லயத்தில் யாரிடம் போவது என்று முன்கூட்டியே பேசி வையுங்கள். அடையாள அட்டை, பிள்ளைகளின் பிறப்புச் சான்றிதழ், வங்கிப் புத்தகம் ஆகியவற்றை ஒரு பையில் போட்டு நம்பிக்கையான ஒருவரிடம் கொடுத்து வையுங்கள். அவசரத்துக்குப் பொலிஸ் 119, பெண்களுக்கான உதவி எண் 1938, பிள்ளைகளுக்கு ஆபத்து என்றால் 1929. பொலிஸில் சிறுவர், மகளிர் பிரிவைக் கேளுங்கள். அரசு ஆஸ்பத்திரிகள் பலவற்றில் "மிதுரு பியச" என்ற நிலையம் இருக்கிறது, காயத்துக்கு மருந்து போடப் போகும்போதே அங்கே பேசலாம். 2005ஆம் ஆண்டின் 34ஆம் இலக்க வீட்டு வன்முறைத் தடுப்புச் சட்டத்தின் கீழ் நீதவான் 12 மாதம் வரைக்கும் பாதுகாப்புக் கட்டளை கொடுக்கலாம், அவர் வீட்டுக்குள் வரக்கூடாது என்றுகூட அதில் உத்தரவிட முடியும். லயக் காம்பரா அவர் பெயரில்தானே இருக்கிறது என்று பயந்து இருந்துவிடாதீர்கள், கேட்டுப் பாருங்கள்.

அவருக்காக ஜெபிப்பதை நிறுத்தச் சொல்லவில்லை. தூரத்திலிருந்தும் ஜெபிக்கலாம்.

வீட்டில் எல்லாரும் இந்துக்கள். நான் மட்டும் சபைக்குப் போகிறேன். திருவிழாக் காலத்தில் என்னை ஒதுக்குகிறார்கள், அப்பா பேசுவதில்லை.

அப்பாவின் பக்கத்திலிருந்து ஒரு நிமிஷம் பாருங்கள். தோட்டத்து மாரியம்மன் கோயில் திருவிழாதான் அந்தச் சனத்துக்கு வருஷத்தில் ஒரே ஒரு தடவை தலை நிமிரும் நாள். ஊர் கூடும் அந்த நாளில் மகள் விலகி நின்றால், அவளை இழந்துவிட்டேன் என்று அவர் நினைக்கிறார். அவருடைய கோபத்துக்குள் பயம் இருக்கிறது.

நீங்கள் விசுவாசத்தை விட வேண்டாம், ஆனால் பெற்றவர்களின் தெய்வத்தை இழிவாகப் பேசவும் வேண்டாம். சில போதகர்கள் அப்படிப் பேசக் கற்றுக்கொடுக்கிறார்கள், அது வீட்டை உடைக்கிறதே தவிர யாரையும் கிறிஸ்துவிடம் கொண்டுவருவதில்லை என்பதுதான் நான் கண்டது. படையலில் சேர முடியாவிட்டால் அதை அமைதியாகச் சொல்லிவிட்டு, விருந்தாளிகளுக்குச் சமைக்க நில்லுங்கள், தண்ணி தூக்குங்கள், அப்பாவுக்கு உடுப்பு எடுத்துக் கொடுங்கள். "கூடுமானால் உங்களாலானமட்டும்" சமாதானமாயிருங்கள் என்று ரோமர் 12:18 சொல்கிறது. உங்களால் ஆனமட்டும்தான், அப்பாவின் பங்கை நீங்கள் சுமக்க முடியாது. இயேசுவை விசுவாசிக்காத அவருடைய சகோதரருக்குள் யாக்கோபும் இருந்தார். உயிர்த்தெழுந்த இயேசு அவருக்கு முன்னால் வந்து நின்றார் (1 கொரிந்தியர் 15:7), பிறகு அவர் எருசலேம் சபைக்கே தூணானார்.

வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் அவர்களுக்கு உறைக்கிற மாதிரி வசனம் போடலாமா?

வேண்டாம். உன் சகோதரன் குற்றம் செய்தால் நீயும் அவனும் தனித்திருக்கையில் சொல் என்று மத்தேயு 18:15 சொல்கிறது. மச்சாள், மாமி, தோட்டமே பார்க்கும் இடத்தில் சொல்வது தனித்திருக்கையில் சொல்வதற்கு நேர் எதிர். நேரே சொல்ல முடியாத அளவுக்கு வலித்தால் இன்னும் சொல்லும் நேரம் வரவில்லை, அவ்வளவுதான்.

நம்பி ஜெபக்குறிப்பாகச் சொன்னேன். மறுவாரம் தோட்டம் முழுக்க என் வீட்டுக் கதை.

இது மிகவும் கொடுமையானது. ஆறுதலுக்குப் போன இடத்திலேயே இரண்டாவது காயம். இனி முழு விவரத்தையும் கூட்டத்தில் சொல்லாதீர்கள், "வீட்டில் ஒரு கஷ்டம், ஜெபியுங்கள்" என்றால் போதும், கர்த்தருக்கு விவரம் தெரியும். விரிவாகப் பேச ஒரே ஒருவரைத் தேடுங்கள், உங்களிடம் மற்றவர் கதையைச் சொல்லாத ஒருவரை. கத்தோலிக்கர் என்றால் பாவசங்கீர்த்தனத்தில் கேட்டதைப் பாதர் வெளியே சொல்ல முடியாது, அது திருச்சபையின் கடுமையான கட்டளை. கதையைப் பரப்பியவரிடம் நேரில் போய், இது எனக்கு வலித்தது என்று ஒரு வாக்கியம் சொல்லுங்கள். ஞாயிற்றுக்கிழமை போவதை நிறுத்திவிடாதீர்கள், வேறு சபைக்குப் போனாலும் சரி, தனியாகிவிடாதீர்கள்.

அண்ணன் ஸ்ரீமா–சாஸ்திரி ஒப்பந்தத்தில் இந்தியா போனார். போகும்போது சண்டை. கடிதம் போட்டும் பதில் இல்லை. இப்போது அங்கே இறந்துவிட்டார் என்று செய்தி வந்திருக்கிறது.

தோட்டத்துச் சனத்தில் யார் இந்தியா போவது, யார் இங்கே இருப்பது என்று 1964இல் கொழும்பும் டெல்லியும் கையெழுத்துப் போட்டதில் ஒரே வயிற்றில் பிறந்தவர்கள் இரண்டு நாட்டுக்காரர் ஆனார்கள். யார் போவது, யார் இருப்பது, அப்பாவை யார் பார்ப்பது என்று வீட்டுக்கு வீடு சண்டை, அந்தச் சண்டையோடுதான் பலர் கோச்சியில் (ரயிலில்) ஏறித் தலைமன்னாரில் கப்பலுக்குப் போனார்கள். உங்கள் இருவரையும் பிரித்ததில் உங்கள் இருவருடைய குற்றம் எவ்வளவு, அரசாங்கங்களின் குற்றம் எவ்வளவு என்று ஒரு நாள் உட்கார்ந்து யோசியுங்கள். அண்ணன் பதில் போடாததற்கு நீங்கள் அறியாத காரணம் இருந்திருக்கலாம், போன இடத்தில் பலர் பட்ட பாடு எழுத்தில் எழுதக்கூடியதாக இல்லை.

இறந்தவரை மன்னிக்க முடியும், அவர் கேட்க வேண்டிய அவசியம் இல்லை. அவருக்கு ஒரு கடிதம் எழுதுங்கள், சொல்லாமல் விட்டதை எல்லாம் எழுதுங்கள், அதைக் கர்த்தருக்கு முன்னால் வாசியுங்கள். தாவீது தனக்கு எதிராகப் படை திரட்டிய அப்சலோமுக்காக "என் மகனே, என் மகனே" என்று அழுதார், துரோகம் செய்தவனுக்காக அழுவதற்குக் கணக்குக் கேட்பார் யாரும் இல்லை. கத்தோலிக்கர் என்றால் அவர் பெயரில் ஒரு பூசை வையுங்கள். முடிந்தால் அவர் பிள்ளைகளுடைய நம்பரைத் தேடிப் பிடித்துப் பேசுங்கள்.

தூக்கம் இல்லை, சாப்பிடப் பிடிக்கவில்லை, செத்துவிட்டால் நல்லது என்று தோன்றுகிறது.

இதை வாசித்துக்கொண்டிருக்கும்போதே அப்படித் தோன்றினால், மற்றதை விட்டுவிட்டு 1926க்கு அழையுங்கள். அரசாங்கத்தின் மனநல உதவி எண், இரவும் பகலும் எடுப்பார்கள், தமிழில் பேசலாம். கூடவே பக்கத்தில் இருக்கும் ஒருவரை எழுப்பி, என்னைத் தனியே விடாதே என்று சொல்லுங்கள்.

எலியா தீர்க்கதரிசி சூரைச்செடியின் கீழ் படுத்து, போதும் கர்த்தாவே, என் உயிரை எடுத்துக்கொள்ளும் என்றார் (1 இராஜாக்கள் 19). கர்த்தர் அவருக்குப் பிரசங்கம் பண்ணவில்லை. தூங்கவிட்டார், தூதன் தட்டி எழுப்பி அடையும் தண்ணீரும் கொடுத்தான், மறுபடி தூங்கவிட்டார், மறுபடி சாப்பாடு. பேச்சு அதற்கப்புறம்தான். ஆகவே டாக்டரிடம் போவதும், மாத்திரை எடுப்பதும், ஒரு வாய் கஞ்சி குடிப்பதும் விசுவாசக் குறைவு அல்ல. ஜெபித்தால் போதும், மருந்து வேண்டாம் என்று யார் சொன்னாலும் கேட்காதீர்கள்.

எங்கே தொடங்கி வாசிப்பது?

13ஆம் சங்கீதத்தில் தொடங்குங்கள், ஆறே வசனம்தான், வேலை முடிந்து களைத்து வந்தாலும் வாசிக்க முடியும். ஒரு வாரம் அதையே வாசியுங்கள். அப்புறம் 55, பிறகு 27. அழுகை கொஞ்சம் அடங்கிய பிறகு 1 சாமுவேல் 1, அதற்கப்புறம் நேரம் எடுத்து யோசேப்பின் கதை. எழுத்து வாசிக்கச் சிரமம் என்றால் ஃபோனில் வேதாகமத்தை ஒலியாகக் கேட்கும் செயலிகள் தமிழில் இலவசமாகக் கிடைக்கின்றன, பேரப்பிள்ளையிடம் போட்டுத் தரச் சொல்லுங்கள். சிக்னல் இருக்கும் இடத்தில் இறக்கி வைத்துக்கொண்டால் மலையில் டேட்டா இல்லாமலேயே கேட்கலாம்.